மலையிலிருந்து குழந்தையை எதில் இறக்குவது

கேரளத்தின் இடுக்கி மலையில் வண்டிப்பெரியார், பாம்பனார், ஏலப்பாறை பக்கம் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கிறவர்களுக்கு இந்த இரவு பழக்கமானதுதான். குழந்தை பிறந்து மூன்று மணி நேரம் ஆகிறது, முனகுகிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு உள்ளே வாங்குகிறது, டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்கிறார், வாசலில் தெரிந்த சேட்டனின் ஜீப் தயாராக நிற்கிறது, 108-க்குப் போன் போட்டால் முக்கால் மணி நேரம் என்கிறார்கள், கீழே இருக்கிற ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தைகளுக்கான தனி வண்டியும் ஆட்களும் ஏறி வர இரண்டரை மணி நேரம். எதில் போவது? அது முடிவானால் அடுத்த கேள்வி, கோட்டயம் பக்கம் இறங்குவதா, குமுளி தாண்டி தேனி பக்கம் இறங்குவதா.

நான் முதலில் கீழே ஒரு பச்சிளம் குழந்தைகள் ஐ.சி.யு.வில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன், இப்போது மேலே இருக்கிறேன். குழந்தைகளை வாங்கியும் இருக்கிறேன், அனுப்பியும் இருக்கிறேன், கூடவே வண்டியில் உட்கார்ந்து இறங்கியும் இருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குழந்தைகளுக்கு, சீக்கிரம் கிளம்புவதைவிட நல்ல நிலையில் கிளம்புவதுதான் உயிரைக் காக்கிறது. ஜீப் கடைசித் தேர்வு. ஆனால் சில குழந்தைகளுக்குக் காத்திருக்கவே கூடாது, அவர்கள் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கீழே வேலை பார்த்தபோது ஒரு இரவு ஜீப்பில் வந்த குழந்தையை இன்னும் மறக்கவில்லை. 31 வாரத்தில் பிறந்தது, எடை 1.4 கிலோ. பாட்டியின் மடியில், இரண்டு துண்டு சுற்றி, மேலே கம்பளியும் போர்த்தி வந்தார்கள். "வழி பூரா அழவே இல்ல சிஸ்டர், நல்லா தூங்கிட்டு வந்தான்" என்றார் பாட்டி, நிம்மதியான முகத்தோடு. தொட்டுப் பார்த்தேன், பாதம் மட்டுமல்ல, வயிறும் சில்லென்று இருந்தது. உடல் வெப்பம் 33.8 டிகிரி செல்சியஸ், சர்க்கரை 22. பாட்டி தூக்கம் என்று நினைத்தது சர்க்கரை இறங்கிய மயக்கம். அந்தப் பாட்டி செய்ததில் ஒரு குறையும் கிடையாது, அவருக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார். கிளம்புவதற்கு முன் யாராவது ஒருவர் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்திருக்கலாம், அது நடக்கவில்லை.

கம்பளி சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். குறைமாதக் குழந்தைக்குச் சூடு உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு சேர்ந்திருக்காது, தோல் மெல்லியது, உடம்புக்குத் தலை பெரியது. ஜில்லென்று ஆனதும் இருக்கிற கொஞ்சம் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் வேகமாகச் செலவழிக்கிறது, நுரையீரல் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, மூச்சு இன்னும் மோசமாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 36.5 முதல் 37.5 வரை சரியான வெப்பம், 36-க்குக் கீழே போனால் மிதமான குளிர், 32-க்குக் கீழே போனால் கடுமையான குளிர். கோட்டயம் வழியில் இருக்கிற குட்டிக்கானத்துப் பனியில், ஜன்னல் கண்ணாடி சரியாக மூடாத ஜீப்பில், ஒரு மணி நேரம் போதும்.

அதனால் எந்த வண்டி என்று யோசிக்கும் முன் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்: வெப்பம், ஆக்சிஜன் அளவு, இரத்த ஓட்டம், சர்க்கரை. இதற்கு ஒரு தெர்மாமீட்டர், ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஒரு குளுக்கோமீட்டர், உங்கள் கட்டைவிரல், இவ்வளவுதான் வேண்டும். நெஞ்செலும்பின் மேல் ஐந்து விநாடி அழுத்தி எடுத்தால் மூன்று விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும், அதைத் தாண்டினால் இரத்த ஓட்டம் போதவில்லை. சர்க்கரை 40-க்குக் கீழே இருந்து குழந்தை துவண்டோ வலிப்போடோ இருந்தால், 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) கிலோவுக்கு 2 மி.லி. ஊசியில் கொடுத்து, அதன் பின்னால் டிரிப் தொடர வேண்டும். ஒரு தடவை கொடுத்துவிட்டுக் கிளம்பினால் முண்டக்கயம் வருவதற்குள் மறுபடி இறங்கிவிடும். சின்ன ஆஸ்பத்திரியில்கூட முடிகிற வேலை இது. இந்த நான்கும் சரியாக இருக்கிற குழந்தையை இரண்டு மணி நேரம் கழித்து அனுப்பலாம். நான்கும் கெட்டுப்போன குழந்தையை உடனே அனுப்பினால், கெட்டுப்போன நிலை வழியில் இன்னும் மோசமாகத்தான் போகும்.

இனி வண்டிகள். முதலில் தனிப் பயிற்சி பெற்ற குழுவைப் பற்றி, ஏனென்றால் குடும்பத்துக்குப் புரியவைக்க ரொம்பக் கஷ்டமானது இதுதான். மதுரை, கொச்சி போன்ற ஊர்களின் பெரிய ஆஸ்பத்திரிகள் சில, குழந்தையை எடுத்துவரத் தங்கள் டாக்டரையும் நர்ஸையும் வென்டிலேட்டர் உள்ள வண்டியோடு அனுப்புகின்றன. "ரெண்டரை மணி நேரம் அவங்க வர்றதுக்கு, அப்புறம் ரெண்டரை மணி நேரம் போறதுக்கு, அதுக்குள்ள நாங்க ஜீப்ல போய்ச் சேர்ந்திருப்போமே சிஸ்டர்" என்று அப்பா கேட்பார். கணக்கு சரிதான், ஜீப்பில் இரண்டரை மணி நேரத்தில் ஐ.சி.யு. வாசல். குழு வந்தால், இங்கே குழந்தையை நிலைப்படுத்தும் நேரமும் சேர்த்து, குழந்தை அங்கே படுக்க ஆறு மணி நேரம் ஆகும். ஆனால் குழு இங்கே வந்து இறங்கிய நிமிடமே குழந்தைக்கு ஐ.சி.யு. கிடைத்துவிடுகிறது. அதாவது இரண்டு வழியிலும் ஐ.சி.யு. கைக்கு வருவது அதே இரண்டரை மணி நேரத்தில்தான். ஜீப்பில் அந்த நேரத்தை வளைவுகளில் கழிக்கிறோம், காத்திருந்தால் சூடு தரும் வார்மரின் கீழே, டாக்டர் பார்வையில் கழிக்கிறோம். நான் இப்படித்தான் சொல்லிப் புரியவைப்பேன், பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்து 2009-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கான தனிக் குழு கொண்டுவந்தபோது வழியில் எதிர்பாராத சம்பவம் நடந்தது 1.5 சதவீதம், பொதுவான குழு கொண்டுவந்தபோது 61 சதவீதம். பொதுக் குழு கொண்டுவந்த குழந்தைகளில் இறப்பும் அதிகம், 23 சதவீதம், தனிக் குழுவில் 9 சதவீதம். சம்பவங்களில் முதலிடம் மூச்சுப்பாதை சம்பந்தப்பட்டது. அது வேறு நாடு, வேறு சாலை, சரி, ஆனால் காரணம் இங்கேயும் அதேதான். பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் நான்கைந்து சென்டிமீட்டர் நீளம்தான். வென்டிலேட்டருக்காக அதில் போட்ட குழாய், தலை குனிந்தால் உள்ளே இறங்கும், தலை நிமிர்ந்தால் மேலே வரும். குட்டிக்கானத்துக்கும் முண்டக்கயத்துக்கும் நடுவே எத்தனை வளைவு என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திடீரென்று ஆக்சிஜன் இறங்கினால் குழாய் நகர்ந்ததா, சளி அடைத்ததா, நெஞ்சில் காற்று கசிந்ததா, கருவி கெட்டதா என்று அந்த வரிசையில் ஓடும் வண்டியில் யோசிக்கிற ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத வண்டி எவ்வளவு பெரிய வண்டியாக இருந்தாலும் குழாய் போட்ட குழந்தைக்கு ஆகாது.

அடுத்து 108. இதைப் பற்றி இரண்டு பக்கமும் தப்பான எண்ணம் இருக்கிறது, சிலர் அதில் எல்லாம் இருக்கும் என்கிறார்கள், சிலர் அதில் ஒன்றுமே இருக்காது என்று ஜீப்பில் ஏறிவிடுகிறார்கள். 108 வண்டிகள் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. தமிழ்நாட்டு 108-ல் இன்குபேட்டரோடு பச்சிளம் குழந்தைகளுக்கென்றே தனி வண்டிகள் உண்டு, ஆனால் எண்ணிக்கை கொஞ்சம்தான், அது உங்களுக்கு அருகில் இருக்க வேண்டும். சாதாரண 108-ல் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஒரு டெக்னீஷியனும் இருப்பார்கள், அவர்கள் விபத்திலும் பிரசவத்திலும் கைதேர்ந்தவர்கள். ஒன்றேகால் கிலோ குழந்தைக்கு மாஸ்க் வைத்து ஆம்பு (கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் பை) அழுத்துவது வேறு பழக்கம். அதனால் போனிலேயே கேட்டுவிடுங்கள்: குழந்தைக்கான வார்மரோ இன்குபேட்டரோ இருக்கிறதா, குறைமாதக் குழந்தை அளவு மாஸ்க் இருக்கிறதா, சிலிண்டர் எத்தனை. என்ன இல்லையோ அதை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துக்கொண்டு, ஒரு நர்ஸையும் கூட ஏற்றி அனுப்பினால், முனகல் இல்லாத, தானாக மூச்சுவிடுகிற குழந்தைக்கு 108 நல்ல தேர்வு, செலவும் கிடையாது. இன்னொன்று, எல்லைப் பக்கத்தில் நின்று 108 அழுத்தினால் எந்த டவர் பிடிக்கிறதோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடுவது உண்டு. குமுளியில் எனக்கே நடந்திருக்கிறது. முதல் வாக்கியத்திலேயே எந்த மாநிலம், எந்த ஊர் என்று சொல்லிவிடுங்கள். எல்லை தாண்டிப் போக வேண்டுமானால் அதையும் அப்போதே கேளுங்கள், கட்டுப்பாட்டு அறை அனுமதி இல்லாமல் டிரைவரால் முடிவெடுக்க முடியாது.

ஆக்சிஜன் கணக்கை எந்த வண்டியானாலும் நீங்களே போட வேண்டும். பி டைப் சிலிண்டர் நிரம்ப இருந்தால் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் ஐந்து மணி நேரம் வரும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆனால் இரண்டரை மணி நேரம், அதாவது கோட்டயம் போய்ச் சேரும் நேரமே, ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. ஒரு மழைக்காலத்தில் பீர்மேடு தாண்டி மரம் விழுந்து ஐம்பது நிமிடம் நின்றோம், மீட்டர் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டத்தைக் குறைத்துக் குறைத்து வந்தேன், அன்றிலிருந்து போகிற நேரத்துக்கு இரண்டு மடங்கு இல்லாமல் நான் வண்டியில் ஏறுவதில்லை. குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜனை வாரியும் இறைக்கக் கூடாது, கண்ணின் விழித்திரை கெடும். ஆக்ஸிமீட்டரில் 90-க்கும் 95-க்கும் நடுவில் நின்றால் போதும்.

இன்குபேட்டரா, அம்மாவின் நெஞ்சா என்று ஒரு கேள்வி வரும். பலர் அம்மாவின் நெஞ்சில் வைப்பதைக் கருவி இல்லாத ஏழைகளின் வழி என்று நினைக்கிறார்கள். 2021-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், டெல்லி உட்பட ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைப் பிறந்த உடனேயே அம்மாவின் வெற்று நெஞ்சோடு சேர்த்து வைத்தபோது இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அது ஆஸ்பத்திரிக்குள் நடந்தது, ஓடும் வண்டியில் அல்ல, ஆனால் பாட்டரி சந்தேகமான இன்குபேட்டரையும் நல்ல அம்மாவையும் வைத்துக் கேட்டால் நான் அம்மாவைத்தான் சொல்வேன். தானாக மூச்சுவிடுகிற குழந்தையாக இருக்க வேண்டும், அம்மாவுக்கு இரத்தப்போக்கோ உயர் இரத்த அழுத்தமோ இருக்கக் கூடாது. அம்மா ஸ்ட்ரெச்சரில் பாதி சாய்ந்து, பெல்ட் போட்டு, குழந்தைக்குத் தொப்பியும் டயப்பரும் மட்டும், மூக்கு தெரிய, கழுத்து மடங்காமல். வண்டி மெதுவாகப் போக வேண்டும். அம்மாவால் முடியாது என்றால் அப்பாவின் நெஞ்சும் சூடுதான். எதுவும் இல்லை, 32 வாரத்துக்கும் குறைந்த குழந்தை என்றால், சுத்தமான பாலிதீன் உறையில் கழுத்து வரை வைத்து மேலே துணி சுற்றுங்கள். வெந்நீர் பாட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம், வெந்த தோலோடு வந்த குழந்தையைப் பார்த்திருக்கிறேன்.

பிறந்ததும் அழாத, மூச்சுத் திணறிய குழந்தையைக் குளிரவைத்துக் கொண்டு போகலாமா என்று இப்போது படித்தவர்கள் கேட்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 33.5 டிகிரியில் 72 மணி நேரம் வைப்பது பணக்கார நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் செய்த ஹெலிக்ஸ் ஆய்வு 2021-ல் வந்தது, அதில் நன்மை தெரியவில்லை, குளிரவைத்த குழந்தைகளில் இறப்பு அதிகமாக இருந்தது. ஆகவே வழியில் நீங்களாக எதையும் குளிர்விக்காதீர்கள், சூடு ஏறவும் விடாதீர்கள், கீழே இருக்கிற டாக்டர் முடிவு செய்யட்டும்.

இப்போது காத்திருக்கக் கூடாத குழந்தைகள். பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கிற பிறந்த குழந்தைக்குக் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும், அதற்கு அறுவை சிகிச்சை அறைதான் மருந்து. தலையில் அடிபட்டு நினைவு மங்கிக்கொண்டே வருகிற பெரிய குழந்தையும் அப்படித்தான். இங்கிலாந்தில்கூட, தனிக் குழு சேவை நன்றாக நடக்கிற இடத்திலேயே, இந்த மாதிரிக் குழந்தைகளைக் குழுவுக்குக் காத்திராமல் அந்த ஆஸ்பத்திரி ஆட்களே உடனே கொண்டுபோக வேண்டும் என்றுதான் வழிமுறை வைத்திருக்கிறார்கள். அப்போதும் கிளம்பும் முன் இருபது நிமிடம் ஒதுக்கி, வயிற்றுக்குக் குழாய் போட்டுத் திறந்துவிட்டு, டிரிப் ஏற்றி, சர்க்கரை பார்த்துவிடுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் அடைபட்ட காற்று எட்டில் ஒரு பங்கு விரிகிறது. தாழ்வான இடத்திலிருந்து குட்டிக்கானம் ஏறி இறங்குகிற குழந்தைக்குக் குடலில், நெஞ்சில் சிக்கிய காற்று கூடுதல் தொல்லை, அதனால் அந்த வயிற்றுக் குழாய் முக்கியம்.

நீலம் பாரித்து, ஆக்சிஜன் வைத்தும் ஏறாத குழந்தைக்கு இதயக் கோளாறாக இருக்கலாம். புரோஸ்டாகிளாண்டின் டிரிப் ஆரம்பித்தால் பிறக்கும் முன் திறந்திருந்த இரத்தக்குழாய் மூடாமல் நிற்கும், உயிர் தங்கும், ஆனால் அந்த மருந்தே சில குழந்தைகளின் மூச்சை நிறுத்தும். எனவே மூச்சுக்குழாய் போடத் தெரிந்தவர் இல்லாத வண்டியில் அதை ஓடவிடக் கூடாது. இந்தக் குழந்தைகளுக்குக் குழுவுக்குக் காத்திருப்பதுதான் சரி.

தோட்டத்தில் பாம்பு கடித்த குழந்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விஷம் ஏறிய அறிகுறி இருந்தால் முதல் டோஸ் விஷமுறிவு மருந்தை இங்கேயே போட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும், குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் அளவு ஒன்றே. ஆனால் ஏலத்தோட்டம், ரப்பர் தோட்டங்களில் அடிக்கடி கடிக்கிற முழமூக்கன் குழிவிரியனுக்கு நம்மிடம் இருக்கிற மருந்து வேலை செய்யாது, அந்தப் பாம்பின் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்தச் சந்தேகம் இருந்தால் டயாலிசிஸ் வசதி உள்ள ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுங்கள், கிட்டத்தில் இருக்கிறதே என்று வேறெங்கும் நிற்காதீர்கள்.

சரி, எந்தப் பக்கம் இறங்குவது. வண்டிப்பெரியாரிலிருந்து கோட்டயம் சுமார் 95 கிலோமீட்டர், தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கும் க.விலக்கும் கூடக்குறைய அதே தூரம். மேற்கே போனால் நீண்ட மலைப்பாதை, கீழே இறங்கிய பிறகும் காஞ்சிரப்பள்ளி, பொன்குன்னம் என்று வளைவு விடாது. கிழக்கே குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரை சில கிலோமீட்டர்தான் மலை, அப்புறம் கூடலூர், கம்பம், சின்னமனூர் என்று சமவெளி. குலுக்கல் தாங்காத குறைமாதக் குழந்தைக்கு கிழக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம். தென்மேற்குப் பருவமழையில் அந்த அபிப்பிராயம் இன்னும் உறுதியாகும். ஆனால் சபரிமலை சீசனில் குமுளிப் பாதை நெரியும், வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள், கேட்காமல் கிளம்பாதீர்கள்.

பணமும் கார்டும் இதில் கலந்தே வரும். பிறந்த குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இரண்டு மாநிலத்திலும் இலவசம். இதயக் கோளாறு என்றால் கேரளத்தின் ஹிருத்யம் திட்டத்தில் பதிவு செய்யலாம், தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வைத்திருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். கம்பத்தில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அங்கே தமிழ் பேசலாம் என்பதற்காக மட்டும் கிழக்கே போக நினைக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், டாக்டர் சொல்வது புரியாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிற வேதனை எனக்குத் தெரியும். ஆனால் இது எல்லாவற்றையும்விட முதலில் ஒரு போன். படுக்கை இருக்கிறது, அனுப்புங்கள் என்று எந்த ஆஸ்பத்திரி டாக்டர் வாய் திறந்து சொல்கிறாரோ அந்தப் பக்கம்தான் போக வேண்டும். படுக்கை இல்லாத ஆஸ்பத்திரி வாசலிலிருந்து இன்னொரு ஊருக்குத் திருப்பிவிடப்பட்ட குழந்தைக்கு அந்த இரண்டாவது பயணம் முதலாவதைவிட மோசம்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு தேர்வு இருக்கிறது, அதைத்தான் நாம் அடிக்கடி தவறவிடுகிறோம். குழந்தை பிறப்பதற்கு முன்பே அம்மாவை அனுப்பிவிடுவது. 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்து 2019-ல் எழுதினார்கள், பிறந்த இரண்டு நாளுக்குள் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்ட குழந்தைகளுக்கு மூளைப் பாதிப்பு அதிகம். கர்ப்பப்பையைப் போல சூடும் ஆக்சிஜனும் கொடுக்கிற வண்டி எங்கேயும் கிடையாது. ஏழாம் மாதத்தில் வலி வந்தால், 24 முதல் 34 வாரத்துக்குள் என்றால், குழந்தையின் நுரையீரலை முதிரவைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தில் 6 மில்லிகிராம் முதல் ஊசியைப் போட்டுவிட்டு அனுப்புங்கள், அதைத் துணை சுகாதார நிலைய நர்ஸே போடலாம் என்று மத்திய அரசு 2014-லேயே அனுமதித்திருக்கிறது. ஆனால் இரண்டாவது, மூன்றாவது பிரசவம், கர்ப்பப்பை வாய் ஆறேழு சென்டிமீட்டர் திறந்துவிட்டது என்றால் கிளம்பாதீர்கள், வளைவில் பிறக்கும் குழந்தைக்கு எந்த வண்டியிலும் இடம் இல்லை. இங்கேயே பிறக்கட்டும், பிறக்கும் முன்பே குழுவுக்குப் போன் போட்டுவிடுங்கள், குழந்தையும் அவர்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வருவார்கள்.

குழந்தையோடு அம்மா போக முடியாவிட்டால், ஒரு சிரிஞ்சில் சீம்பால் எடுத்துப் பெயர் எழுதி அனுப்புங்கள், அம்மாவின் இரத்த வகை, குழந்தைக்கு வைட்டமின் கே போட்டாயிற்றா, எந்த நேரத்தில் என்ன மருந்து என்று ஒரு தாளில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள். அம்மாவை அடுத்த நாளே பின்னால் அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, எந்த வார்டு, எந்த மாடி என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான்.